ஒட்டக்கூடியதை ஏன் எறியச் சொல்கிறார்கள்?

ஒரு பொருள் உடைந்தால் அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பதே தப்பாகிவிட்டது போலிருக்கிறது. என் பேடில் போர்டு, அதாவது தண்ணீரில் நின்றுகொண்டே துடுப்பு போடும் பலகை, விரிசல் விட்டு வீட்டுத் திண்ணையில் கிடந்த நாளிலிருந்து யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்.” விற்றவர் சொன்னார். பார்சல் ஆபீஸில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காத அலுவலக நண்பர்கூடச் சொன்னார். எங்கே உடைந்திருக்கிறது, எவ்வளவு உடைந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பார்க்காமலே சொன்னார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 12 கிலோ எடை. எழுபதாயிரத்துக்கு மேல் கொடுத்தேன். எங்கள் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல; ஸ்கூட்டர் வாங்கவிருந்த காசு. தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தபோது வீட்டுச் சாமான்களோடு லாரியில் அனுப்பினேன். அடியில் மாட்டும் ஃபின்னைக் கழற்றித் தனியாகக் கட்டி, போர்டைச் சுற்றிப் பழைய ஜமுக்காளம் போட்டு, அதன்மேல் பபிள் ஷீட் சுற்றி, ‘மேலே பாரம் வைக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் இரண்டு பக்கமும் எழுதித்தான் ஒப்படைத்தேன். வந்து சேர்ந்தது கார்த்திகை மழையில். கிடங்குக் கூரைக்கு வெளியே, நனைந்த ஜமுக்காளத்தோடு, பீரோவுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

பிரித்துப் பார்த்தால், லாரிக் கயிற்றை விளிம்பின்மேல் போட்டு இழுத்துக் கட்டிய தடம் அப்படியே பதிந்திருக்கிறது. அந்தத் தடத்தை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தலைமுடி அகலம்கூட இல்லை. கட்டை விரலால் அழுத்தினேன். விரிசல் நெடுகிலும் முத்துமுத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. விரலை எடுத்தேன்; துளிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டன. போர்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஃபின் மாட்டும் பெட்டியின் மூலையிலும் ஒரு கீறல்.

பார்சல் ஆபீஸில் லாரி ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், சரக்கு அனுப்புகிறவர் பொறுப்பில் போகிறது என்று அச்சடித்திருக்கிறது. ஓனர்ஸ் ரிஸ்க். கயிறு கட்டியது அவர்கள், பீரோவைச் சாய்த்தது அவர்கள், மழையில் வைத்தது அவர்கள்; பொறுப்பு மட்டும் என்னுடையது. அங்கே தொண்டை வறளப் பேசியதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஒரு பைசா பெயரவில்லை.

இந்தப் போர்டுக்குள் இருப்பது வேறொன்றுமில்லை, டிவி பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்களே, அதே தெர்மாகோல்தான். அதைக் கொஞ்சம் கெட்டியாக வார்த்து, வடிவமாகச் செதுக்கி, மேலே கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எபாக்ஸி ரெசின் பூசி இறுக வைக்கிறார்கள். அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பலமெல்லாம் அந்தத் தோலில். மிதப்பெல்லாம் உள்ளே இருக்கும் நுரையில். தெர்மாகோல் மணி ஒவ்வொன்றும் மூடிய மணிதான், மணிக்குள் தண்ணீர் போகாது. ஆனால் மணிக்கும் மணிக்கும் நடுவே சந்து இருக்கிறது. விரிசல் வழியாகப் போன தண்ணீர் அந்தச் சந்துகளில் ஊர்ந்துகொண்டே இருக்கும். போன வேகத்தில் திரும்பி வராது. அப்படியே வெயிலில் காய வைத்தால் உள்ளே காற்றும் ஈரமும் சூடேறி விரிந்து, தோலை நுரையிலிருந்து பிரித்துக் கொப்புளம் கிளப்பிவிடும். ஆக, தலைமுடி விரிசலைச் சும்மா விட்டால் போர்டு போச்சு. உடனே கவனித்தால் கைப்பிடி அளவு வேலைதான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது.

அதனால் முதலில் விற்ற இடத்துக்குப் பேசினேன். பழுது பார்த்துத் தரச் சொல்லவில்லை. இலவசமாகவும் எதையும் கேட்கவில்லை. உள்ளே என்ன நுரை, மேலே என்ன ரெசின், ஃபின் பெட்டி தனியாகக் கிடைக்குமா, இவ்வளவுதான் கேட்டேன். வாரன்டி உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும்தான் என்றார் போனை எடுத்தவர். வாரன்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மறுபடி கேட்டேன். “இம்போர்ட்டட் ஐட்டம் சார், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.” ஃபின் பெட்டி? “அது தனியா வராது சார்.” பிறகு வழக்கமான பதில். அதோடு நிற்காமல், அதே அளவில் புதிய மாடல் வந்திருக்கிறது, லட்சத்துக்குள் முடித்துத் தருகிறோம் என்றார்.

எழுபதாயிரத்தைக் கை நீட்டி வாங்கியவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாதாம். மாத்திரை அட்டையில் என்ன மருந்து என்று அச்சடிக்கிறார்கள். இருபது ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட என்ன போட்டிருக்கிறது என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. இந்தப் போர்டின் மேல் இருப்பதெல்லாம் கம்பெனிப் பெயரும், கட்டுமானம் தரமானது என்று சொல்லும் ஒரு ஸ்டிக்கரும்தான்.

இதே ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவை. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து, அடித்து, ஒரே தோணியைத் தலைமுறை தாண்டி ஓட்டிய ஊர் இது. வடக்கே கட்டுமரக்காரர்கள் கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் கரையில் காயப் போடுவார்கள். ஒரு கட்டை இற்றுப்போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவற்றோடு ஃபைபர் ஒட்டுகிறவர்களும் கடற்கரையெங்கும் உருவானார்கள். கண்ணாடி இழையும் ரெசினும் கையாளத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் வாழும் கடற்கரையில், கண்ணாடி இழையும் ரெசினும் கொண்டு செய்த ஒரு பொருளை ஒட்ட வழியில்லை என்று எறியச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃப் பள்ளிகளில் தங்கள் போர்டைத் தாங்களே ஒட்டிக்கொள்ளத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் போயிருந்தால் இரண்டு நாள் வேலை. ஆனால் அங்கே எப்படிக் கொண்டுபோவது? அதே லாரியில், அதே கயிற்றில், அதே ‘உங்கள் பொறுப்பில்’. பத்தரை அடிப் பொருளை ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போக முடியாது.

எனவே திரேஸ்புரத்துக்குப் போனேன். அங்கே வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்குகிறவர். போர்டைப் பார்த்ததும் அவர் எதுவும் பேசவில்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். விரிசலுக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் மாறிப் பொத்தென்று கேட்டது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். உள்ளங்கை அகலம்தான் தேறியது.

“நிக்கற எடம் பூரா கெட்டியாத்தான் கெடக்கு. இது போவல தம்பி” என்றார்.

குனிந்து பார்த்த முதல் மனிதர் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கேட்டார், “இதுக்குள்ள என்ன வச்சிருக்கானுவ?”

“தெர்மாகோல்னுதான் நெனைக்கேன் அண்ணாச்சி. கடையில கேட்டா தெரியாதுங்காங்க.”

“விக்கவனுக்குத் தெரியாம பின்ன யாருக்குத் தெரியும்?”

சொல்லிக்கொண்டே, விரிசலுக்குள் ஊசியை விட்டு இரண்டு வெள்ளை மணிகளை நெம்பி எடுத்தார். ஒரு தகர மூடியில் படகுக்குப் பூசும் ரெசினை ஒரு கரண்டி ஊற்றி, மணிகளை அதில் போட்டார். இருவரும் குனிந்து பார்த்தோம். ஓரம் மழுங்கியது. சுருங்கியது. பட்டாணி அளவு கடுகு அளவாகி, கடுகும் காணாமல் போனது. மூடியில் ரெசின் மட்டும் இருந்தது.

“பாத்தீயளா? நம்ம ரெசின இதுல ஊத்தினா உள்ள இருக்கத பூரா தின்னுரும். மேல பாக்க நல்லா இருக்கும். உள்ள பள்ளமா கெடக்கும். ஏறி நின்னா பொத்துன்னு போயிரும்.”

காரணம் இதுதான். படகுக்குப் பூசுவது பாலியெஸ்டர் ரெசின். அது இளக்கமாக ஓடுவதற்காக அதில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பழைய பாணி சர்ஃப் போர்டுகளில் பாலியூரிதேன் நுரை வைத்திருப்பார்கள். அதை இந்த ரெசின் ஒன்றும் செய்யாது. இன்ன நுரை என்று தெரிந்தால் எந்த ரெசின் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு தகவலைத்தான் விற்றவர் தர மறுத்தார். விவரம் தெரியாத யாராவது நல்லெண்ணத்தோடு படகு ரெசினை ஊற்றியிருந்தால் போர்டு அன்றைக்கே முடிந்திருக்கும். “ரிப்பேர் பண்ணா இப்படித்தான் சார்” என்று அதையும் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

அண்ணாச்சிக்குத் தெர்மாகோல் புதிதல்ல. பாம்பன், மண்டபம் பக்கம் தெர்மாகோல் மிதவையில் போய்க் கரையோரம் மீன்பிடிக்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவருக்குப் புதிதாக இருந்தது எபாக்ஸிதான். அவருக்குப் பழக்கமான ரெசினில் கேட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். மேகம் பார்த்துக் கை அளவில் ஊற்றுவார். எபாக்ஸியில் அந்தப் பேச்சே கிடையாது. ரெசின் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு என்றால் இரண்டுக்கு ஒன்றுதான். ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது. என்றைக்கும் பிசுபிசுவென்றே கிடக்கும்.

அந்த எபாக்ஸிக்காக அலைந்த அலைச்சல் இருக்கிறதே! ஹார்டுவேர் கடைகளில் இரட்டை டியூபில் கிடைக்கிறது. அதுவும் எபாக்ஸிதான், ஆனால் களி போலக் கெட்டி. கண்ணாடி இழைத் துணிக்குள் ஊறாது. கைவினைப் பொருள் கடைகளில் அழகழகான பாட்டில்களில் அரை லிட்டர், கால் லிட்டர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள், சாவிக்கொத்தும் போட்டோ ஃபிரேமும் வார்ப்பதற்கு. அது வார்ப்பு வேலைக்கானது. நம் ஊர் வெயிலில் இளகிக் கொடுக்கிற சரக்குதான் அதில் அதிகம். துணியில் தேய்த்து ஒட்டுவதற்கான மெல்லிய ரகம்தான் வேண்டும் என்றால், குறைந்தபட்சம் ஐந்து கிலோ செட் என்கிறார்கள். எனக்குத் தேவை அரைக் கிலோவுக்கும் கீழே. கூரியரில் அனுப்பச் சொன்னால் கெமிக்கல் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் மதுரைக்குப் போய் ஐந்து கிலோவையும் வாங்கி, நண்பர் ஒருவரின் வண்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாவிக்கொத்துக்கு அரை லிட்டர் கிடைக்கிற நாட்டில் ஒரு விரிசலை அடைக்க அரைக் கிலோ கிடைக்கவில்லை.

துணியிலும் அதே கதை. படகுப் பட்டறையில் இருப்பது மேட். நறுக்கிய இழைகளைப் பசை போட்டு அழுத்திய விரிப்பு. அந்தப் பசை ஸ்டைரீன் பட்டால்தான் கரைந்து கொடுக்கும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. ஒரு துண்டை நனைத்துப் பார்த்தோம். அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு விளிம்பின் வளைவில் படியவே இல்லை. மெல்லிய நெய்த துணி வேண்டும். அதற்கு இன்னொரு தேடல். சுருக்கமாகச் சொன்னால், பொருள் ஒவ்வொன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. ஒட்டத் தெரிந்த கை இருக்கிறது. வேண்டிய அளவில் வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

இதற்கு நடுவில் ஆலோசனைகள். “காத்தடிக்கற போர்டு வாங்கிருங்க, உடையவே உடையாது” என்றார் ஒருவர். உடையாது, உண்மைதான். மேலடுக்கையும் கீழடுக்கையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூலால் பிணைத்து, 15 பிஎஸ்ஐ வரை காற்றடைக்கும் நல்ல கண்டுபிடிப்பு அது. தட்டையான இடத்தில் ஓட்டை விழுந்தால் பிவிசி துண்டையும் அதற்கான பசையையும் வைத்து வீட்டிலேயே ஒட்டிவிடலாம். வால்வு கசிந்தால் அதற்குரிய சாவியால் ஒரு திருகு. ஆனால் பக்கவாட்டில் பசையால் ஒட்டிய பட்டை வெயிலில் விட்டுக்கொடுத்தால்? அதைப் பிரித்து ஒட்டுவது எளிதான காரியமில்லை. அப்போதும் ‘புதுசு வாங்குங்க’தான். ஆளுக்கு ஒரு புதுசு சொல்கிறார்கள். பழசை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெர்மாகோலும் கண்ணாடி இழையும் ஒட்டிக் கிடக்கும் பொருளைப் பழைய இரும்புக்காரர் எடுக்க மாட்டார். எரித்தால் நச்சுப் புகை. கடற்கரையில் போட்டால் தோல் உரிந்து, மணி மணியாகக் கடலுக்குள் போகும். கைவிட்ட ஃபைபர் வள்ளங்கள் கரையோரம் மக்காமல் கிடப்பதை இந்த ஊரில் தினமும் பார்க்கிறேன். அவற்றோடு என்னுடையதையும் கொண்டுபோய்ப் போட எனக்கு மனம் வரவில்லை.

பொருள்களைப் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்பேசி, வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். விளையாட்டுச் சாமான் அதில் இல்லை. இது பணக்காரர் பொழுதுபோக்கு, இதற்கு எதற்கு உரிமை என்று யாராவது கேட்டால் அவரிடம் நான் சண்டை போடத் தயார். இந்த விளையாட்டில் தேசியப் பட்டம் வென்ற சேகர் பச்சை போன்றவர்கள் நம் கிழக்குக் கடற்கரை ஊர்களிலிருந்து துடுப்போடு எழுந்து வந்தவர்கள். கடலோரப் பிள்ளைகள் புதுப் போர்டு வாங்கியா பழகுகிறார்கள்? ஒருவர் ஏறி இறங்கிய பழைய போர்டில், ஒட்டுப் போட்ட போர்டில் பழகுகிறார்கள். லட்ச ரூபாய் புரட்ட முடிகிறவர் புதுசு வாங்கிக்கொள்வார். ஒட்ட வழியில்லாமல் போனால் அன்றோடு விளையாட்டு முடிந்துபோவது அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஒட்டுவதா விடுவதா என்று நானும் குருட்டுத்தனமாக முடிவெடுக்கவில்லை. அண்ணாச்சி நடுவில் இருக்கும் கைப்பிடியில் கயிற்றைப் போட்டு, மீன் நிறுக்கும் தராசில் போர்டைத் தொங்கவிட்டார். 14 கிலோ 100 காட்டியது. அசல் எடை 12. ஆக, இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளே. அது வெளியேறி எடை திரும்பி வந்தால் ஒட்டலாம். வராவிட்டால் ஒட்டிப் பயனில்லை. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் ஒட்டு நிற்காது. நிற்கிற இடத்தில் தோல் அகலமாகப் பிரிந்திருந்தாலோ, நடுவில் முறிந்திருந்தாலோ நானே விட்டிருப்பேன். வெறும் அமுக்குப் பள்ளமாக இருந்து தோல் கிழியாமல் இருந்தால் தொடவே வேண்டாம். நம்முடையது விளிம்பு விரிசலும் பெட்டி மூலைக் கீறலும். பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விஷயங்கள் இவை. தராசும் விரல் கணுவும் போதும். லட்ச ரூபாய்ப் பொருள் விற்கிற கடையில் இதைச் சொல்லித்தர ஓர் ஆள் இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, அது கீழ்ப்பக்கம் வரும்படி, நிழலில், கொட்டகைக்குள் சாய்த்து வைத்தோம். முதல் சில நாள் சொட்டியது. மழை நின்று, தை பிறந்து, உப்பளக் காற்று வறண்டு வீசத் தொடங்கிய பிறகுதான் எடை இறங்கியது. தராசு 12 கிலோ 200க்கு வந்து அதற்குக் கீழே அசையாமல் நின்றபோது அண்ணாச்சி தலையாட்டினார்.

வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான். பொத்தென்று கேட்ட இடத்தில் தோலை வெட்டி எடுத்து, ஓரத்தைக் கரடு உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தார். நசுங்கிப்போன நுரையைச் சுரண்டிவிட்டு, எபாக்ஸியோடு மைக்ரோபலூன் என்கிற மாவைக் குழைத்து, மெல்ல மெல்ல அடுக்கடுக்காக நிரப்பினார். மொத்தமாக ஊற்றக் கூடாது. கட்டியாக நின்றால் எபாக்ஸி தானே சூடேறி நுரையை உருக்கிவிடும். அதனால் எங்கள் ஊர் வெக்கையில் காப்பி டம்ளரில் பாதிக்கு மேல் கலக்கவே இல்லை. மேலே துணி இரண்டு அடுக்கு, கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கு ஒரு விரல் அகலம் கூட. மறுநாள் தொட்டால் மெழுகு தடவியதுபோல் ஒரு வழவழப்பு. கடற்காற்றின் ஈரத்தில் எபாக்ஸி மேல் படியும் படலம் அது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே அடுத்த கை பூச வேண்டும். இல்லையென்றால் ஒட்டு உரிந்துவிடும். ஃபின் பெட்டியைப் பிடுங்கவில்லை. மூலையை மட்டும் திறந்து, உலர்த்தி, நிரப்பி, துணி போட்டு மூடினோம். பெட்டி முழுதாக உடைந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, ‘தனியா வராது சார்’.

அண்ணாச்சி கையுறை போடாமல்தான் உட்கார்ந்தார். நான் பிடிவாதமாகப் போட வைத்தேன். எபாக்ஸி தோலில் படப்பட ஒருநாள் ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு அந்த வேலையே செய்ய முடியாமல் போய்விடும். முப்பது வருடமாக ஸ்டைரீன் நெடியை வெறும் மூக்கால் இழுத்து வேலை செய்கிறவர். அவருக்கு ஒரு முகமூடி வாங்கித்தர எந்த முதலாளிக்கும் தோன்றவில்லை. படகு ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் போகிறது. இது வேறு ஆதங்கம், ஆனால் சொல்லாமல் போக முடியவில்லை.

போர்டு இப்போது கடலில் இருக்கிறது. முத்துநகர் கடற்கரைப் பக்கம், காற்று கிளம்புவதற்கு முன்னால், காலையில் போகிறேன். ஒட்டுப்போட்ட இடம் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டார் அண்ணாச்சி, வேண்டாம் என்றுவிட்டேன். கரைக்கு வந்ததும் விரிசல் இருந்த இடத்தைத் துடைத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். துளி வருவதில்லை. எபாக்ஸி, துணி, உப்புத்தாள், மதுரைப் போக்குவரத்து, அண்ணாச்சி கூலி எல்லாம் சேர்த்தும் புதுப் போர்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதிலும் பாதிக்கு மேல், தேவையில்லாமல் வாங்கவைத்த அந்த ஐந்து கிலோவின் விலை.

மிச்ச டின்கள் அண்ணாச்சி கொட்டகையில், வெயில் படாத மூலையில், வாங்கிய தேதி எழுதி வைத்திருக்கிறோம். மண்டபத்திலிருந்து ஒரு பையன் பேசினான். யாரோ கொடுத்த பழைய போர்டு, மூக்கில் அடிபட்டுத் தண்ணீர் குடிக்கிறதாம், கொண்டுவரட்டுமா என்று கேட்டான். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன நுரை என்று விற்ற கம்பெனியில் விசாரித்தாயா என்றேன். விசாரித்தானாம். தெரியாது என்றார்களாம். அண்ணாச்சியிடம் சொன்னேன். ஊசியையும் தகர மூடியையும் எடுத்து வைத்திருக்கிறார்.